ஐந்தாவது வரி

ஊர்க்கோடியில் ஒரு பள்ளிக்கூடம். அதன் ஜெராக்ஸ் மிஷினிலிருந்து ஒருநாள் காலையில் நாற்பது சீட்டுகள் பிறந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே முகம், அதே ஏழு வரி. அடியில் இரண்டு கட்டங்கள்: ‘சம்மதம்’, ‘சம்மதம் இல்லை’. அதற்கும் கீழே பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு கோடு.

நாற்பதில் ஒரு சீட்டு மட்டும் தன்னைத் தானே வாசித்துப் பார்த்தது. பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றியும் வளர்ச்சியைப் பற்றியும் தனியாக ஒரு வகுப்பு நடக்கப்போகிறது என்று நான்கு வரி ஓடியது. ஐந்தாவது வரியைத் தொட்டதும் அதற்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

அந்தச் சீட்டு எட்டாம் வகுப்பு மாரிக்கனியின் கைக்குப் போனது. அவள் அதை இரண்டாக மடித்து அறிவியல் புத்தகத்துக்குள் செருகினாள். மடிப்பு சரியாக ஐந்தாவது வரியின் மேல் விழுந்தது.

“நல்ல இடம் பார்த்து விழுந்தாய்,” என்றது சீட்டு. “அந்த வரியைக் கொஞ்சம் மூடிக்கொள்வாயா? பெரியவர்கள் காதில் விழக்கூடாது.”

“அதுதானே எங்கள் குடும்பத் தொழில்!” என்றது மடிப்பு. “மெடிக்கல் ஷாப்பில் நாப்கினுக்குப் பேப்பர் சுற்றிக் கொடுப்பார்களே, அந்தப் பேப்பரின் மடிப்பு என் அக்காள்.”

புத்தகத்துக்கு நடுவே கிடந்த பேனா குறுக்கிட்டது. “மூடிவிட்டால் எழுதினது அழிந்துவிடுமா?”

“மூடி போட்டுக்கொண்டு திரிகிற நீ இதைச் சொல்லாதே,” என்றது மடிப்பு.

இரண்டு நாள் சீட்டு வெளியே வரவே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மாரிக்கனி அதை எடுத்தாள்.

அவளுடைய அம்மா உலகம்மாள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கோமதியும் தன் சுளகோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

“அந்தச் சீட்டுதான மதினி? ‘இல்லை’ல போட்டுருங்க,” என்றாள் கோமதி. “பொம்பளப் பிள்ளைகளுக்கு என்னத்தயெல்லாமோ சொல்லிக் குடுக்கப் போறாவளாம். நான் இன்னைக்குக் காலையிலயே போட்டுக் குடுத்துவிட்டுட்டேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒண்ணும் தெரியாத பிள்ளைக்கு நாமளே தெரிய வச்ச மாதிரி ஆயிரும்,” என்றாள் உலகம்மாள். “ஆனாலும் என்ன போட்டிருக்குன்னு கேட்டுக்கிடுவோம். வாசிட்டி. விரல வச்சு வாசி.”

உலகம்மாளுக்குத் தன் பெயரை எழுத மட்டுமே தெரியும். யாரோ மாற்றி வாசித்துக் காட்டிய தாளில் ஒருமுறை கையெழுத்துப் போட்டு ஏமாந்திருந்தாள். அதிலிருந்து அந்த வீட்டில் யார் எதை வாசித்தாலும் எழுத்துக்கு அடியில் விரல் ஓட வேண்டும். அவள் கண்ணால் விரலைப் பின்தொடர்வாள்.

மாரிக்கனி நான்கு வரி வாசித்தாள். சீட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு மடிப்பை இறுக்கியது. விரல் அங்கே வந்து நின்றது. பிறகு ஆறாவது வரிக்குத் தாண்டியது.

“தப்பித்தோம்!” என்றது சீட்டு.

“நில்லு,” என்றாள் உலகம்மாள். கை பீடி சுற்றிக்கொண்டேதான் இருந்தது. “விரல் ஒரு வரியத் தாண்டிருச்சு.”

“அது மடிப்பும்மா.”

“மடிப்புக்குள்ளயும் எழுத்து இருக்குல்லா?”

“விடுங்க மதினி, பிள்ள கூச்சப்படுது,” என்றாள் கோமதி. “இதுக்குத்தான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்.”

மாரிக்கனியின் விரல் மறுபடி மடிப்பின் மேல் வந்தது. அது நடுங்கியது. அறையில் இருந்த யாருக்கும் தெரியாத அந்த நடுக்கம் சீட்டுக்குத் தெரிந்தது.

“விடாதே, இறுக்கிப் பிடி!” என்றது மடிப்பு.

சீட்டு பிடிக்கவில்லை. இந்தப் பிள்ளை இரண்டு நாளாகப் புத்தகத்தைத் திறந்து திறந்து தன்னைப் பார்த்தது அதற்கு இப்போதுதான் உறைத்தது. எனக்குக் கூசியது வெறும் எழுத்து. இவளுக்கு என்ன நடந்திருக்கிறதோ! அவமானத்தில் அது தளர்ந்து விரிந்துகொடுத்தது.

மாரிக்கனி வாசித்தாள். பாதிக் குரல்தான் வந்தது. “‘யாராவது தவறாகத் தொட்டால் அது பிள்ளையின் குற்றம் இல்லை என்றும், அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்றும் கற்றுத்தரப்படும்.’”

உலகம்மாளின் கை நின்றது.

“இத ஏன்ட்டி விட்ட?”

மாரிக்கனியின் விரல் அந்த வரியிலேயே நின்றது.

“யாரு?”

“ஆட்டோ அண்ணன்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“எப்படிச் சொல்லன்னு தெரியலம்மா.” மாரிக்கனி சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பின்னால நெருக்கும், அவரு பக்கத்துல முன்னால உக்காந்துக்கோன்னு நீதானம்மா சொன்ன.”

உலகம்மாளின் தலை குனிந்தது. பதிமூன்று வருஷமாக மகளுக்குச் சோறு கொடுத்தாள், சட்டை கொடுத்தாள். இதைச் சொல்ல ஒரு வார்த்தை கொடுத்திருக்கவில்லை. அவளுக்கும் யாரும் கொடுத்ததில்லை.

சுளகை இறக்கி வைத்தாள். புகையிலைத் தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டு மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். “உம்மேல ஒரு தப்பும் இல்ல. நாளையிலருந்து அந்த ஆட்டோ கெடையாது. நான் கூட வாரேன், டீச்சர்ட்ட நானே சொல்லுதேன். இதுல சம்மதம் எந்தக் கட்டம்?”

மாரிக்கனி காட்டினாள். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு வந்தது. உலகம்மாள் அழுத்தி எழுதிய பெயர் சீட்டின் பின்பக்கம் வரை பதிந்தது.

கோமதி தன் சுளகை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவளுடைய மகள் செண்பகமும் அதே ஆட்டோவில்தான் போகிறாள்.

மறுநாள் காலை சீட்டு டீச்சர் மேஜையில் விரிந்து கிடந்தது. பக்கத்தில் கோமதி வீட்டுச் சீட்டு மடித்தபடியே கிடந்தது.

“உன் ஐந்தாவது வரியை வாசித்தார்களா?” என்று கேட்டது அது.

“வாசித்தார்கள். நான் முதலில் மறைக்கத்தான் பார்த்தேன்,” என்றது சீட்டு.

“மடித்தபடியே அடிப்பாதியில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். என்னைப் பிரிக்கக்கூட இல்லை.”

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கோமதிதான். நிமிர்ந்து பார்க்காமல் பேசினாள்.

“டீச்சர், எங்க வீட்டுச் சீட்டத் திருப்பித் தாங்க. அத நான் வாசிக்கச் சொல்லிக் கேக்கவே இல்ல.”