முள்தானே நட்டேன்

மீனும் மனிதனும் ஒரே பாஷை பேசிய அந்தக் காலத்தில், உல்லம் மீனுக்கு நடுமுள் ஒன்றுதான் இருந்தது. கடலில் வளரும் உல்லம், ஆடிப் புதுவெள்ளம் வந்ததும் காவிரிக்குள் நுழைந்து எதிர்நீச்சல் போட்டு ஏறும். மலையடிவாரத்துத் தெளிந்த தண்ணீரில் முட்டையிட்டுத் திரும்பும். வழியில் முதலையும் நீர்நாயும் அதைப் பிடித்துத் தின்றன. ஆனால் வயிறு நிறைந்ததும் நிறுத்திக்கொண்டன.

நிறுத்தத் தெரியாதவன் பிறகு வந்தான். பஞ்சத்தில் அடிபட்ட பன்னிரண்டு குடும்பங்கள் விலா எலும்பு தெரியக் கரைக்கு வந்து சேர்ந்தன. அவர்கள் தலைவன் கொற்றன் ஆற்றில் இறங்கிக் கும்பிட்டான்.

"தாயே, பிள்ளைங்க சாகுது. ஏதாவது வழி பண்ணு."

மீன் கூட்டத்துக்கு மூத்த சினை உல்லம் இரங்கினாள். "நாங்க முட்டை போட்டு இறங்கி வரும்போது பிடிச்சுக்கோங்க. ஏறும்போது மட்டும் வலை போடாதீங்க. வயித்துல முட்டை இருக்கு."

"சத்தியமா வலை போட மாட்டேன்" என்றான் கொற்றன்.

ஊர் எழுந்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள். வயிறு நிறைந்ததும் நாக்கு அலையத் தொடங்கியது. முட்டையிட்டு இளைத்த மீன் சப்பென்று இருக்கிறதாம், சினை மீன்தான் வேண்டுமாம். அடுத்த ஆடியில், ஆறு குறுகும் பாறை இடுக்கில் கொற்றன் மூங்கில் முள்ளை வெட்டிக் கரைக்குக் கரை நெருக்கமாக நட்டான். வெட்கம் கெட்டவன், அதைச் சாமர்த்தியம் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தான்.

ஏறி வந்த கூட்டம் வேலியில் முட்டி நின்றது. ஊரே கூடையால் அள்ளியது.

"சத்தியம் பண்ணினியே?" என்றாள் மூத்தவள்.

"வலைன்னுதானே சொன்னே? நான் முள்ளுதானே நட்டேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "முள்ளுதானே? உன்னை நம்பின என்னைச் சொல்லணும். இனிமே அந்த முள்ளையும் சேர்த்தே தின்னு. தின்னும்போது அந்தப் பொய் வாய் திறக்கக் கூடாது."

வாலை அடித்து வேலி மேல் பாய்ந்தாள். கூட்டமும் பாய்ந்தது. முள் ஒடிந்து ஒடிந்து சதைக்குள் தைத்தது. மூத்தவள் அங்கேயே செத்து மிதந்தாள். வேலி சாய்ந்த வழியே மற்றவை முள்ளோடு மேலே போய் முட்டையிட்டன. குஞ்சுகளும் முள்ளோடுதான் பிறந்தன.

கொற்றன் மூத்தவளைத் தூக்கிப்போய்க் குழம்பு வைத்தான். "பார்த்தியா என்..." என்று பெருமையடிக்க வாயெடுத்தான். முள் தொண்டையில் குறுக்கே நின்றது.

அன்று முதல்தான் உல்லத்தின் சதையெல்லாம் மயிரிழை முள். எவ்வளவு பெரிய வாயாடியாக இருந்தாலும், அதைத் தின்று முடிக்கும்வரை பேச்சு நின்றுவிடுகிறது.