பிடியரிசிச் சாவி

முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருக்கேன். புள்ள தூங்குறான். கீரை முடியறதுக்குள்ள கதையும் முடிஞ்சிடும், சின்னதுதான்.

மாசிலாமணி தன்னோட குரு முன்னாடி வந்து நின்னாரு.

"அம்மா, யாருக்குக் கொடுக்கிறதுன்னு தெரியல."

குரு பேரு பொன்னுருவி. நாற்பது வயசுகூட ஆகல. சீடருக்கோ தலை முழுக்க நரை. மடத்துக்குப் புதுசா வர்றவங்க அவரைத்தான் குருன்னு நினைச்சுக் கும்பிடுவாங்க. ரெண்டு பேரும் அதைத் திருத்துறதில்ல.

கழிமுகத்தைச் சுத்தி நாலு கரை ஊரு. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில போட்டு வைப்பாங்க. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அது மடத்து அரிசி அறைக்கு வந்து சேரும்.

கடலும் மழையும் முன்ன மாதிரி இல்ல. சொல்லாம வருது, வந்தா போக மாட்டேங்குது. அதனால ஊரைக் காக்கிற வேலை எதைச் செஞ்சாலும், செய்யறவங்க சோத்துக்கு அந்த அரிசி.

அறைச் சாவி மாசிலாமணி இடுப்புல.

"யார் யார் வந்திருக்காங்க, அண்ணே?"

"வடகரைக்காரங்க அலையைத் தடுக்க அலையாத்திக் கன்னு நடணுமாம். மேலக்கரைக்காரங்க வாய்க்கால் தூர்வாரணுமாம். தென்கரைக்காரங்க..."

முகத்தைச் சுளிச்சாரு.

"இறால் பண்ணைக்காரங்க அலையாத்திக் காட்டை வெட்டுறாங்கன்னு ஆபீஸ் வாசல்ல போய் நிக்கணுமாம். நிக்கிறதுக்கும் சோறு! பிரிச்சுக் கொடுத்தா எல்லாருக்கும் அரை வயித்துக்குத்தான் காணும்."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"நட்டா எத்தனை பொழைக்கும்னு கேட்டேன். தூர்வாரினா தண்ணி எந்தத் தேதியில வடியும்னு கேட்டேன். நின்னா அதிகாரி எப்ப அசைவாருன்னு கேட்டேன்."

"அவங்க?"

"மழை எந்தத் தேதியில வரும்னு என்னைத் திருப்பிக் கேக்குறாங்க."

பொன்னுருவி வாய்விட்டுச் சிரிச்சாங்க. கையை நீட்டி சாவியை வாங்கினாங்க. வாசல்ல உட்கார்ந்திருந்த மூணு கரை ஆளுங்க நடுவுல கொண்டுபோய் வச்சாங்க.

"நீங்களே கொடுத்துக்குங்க."

மாசிலாமணி பின்னாடியே ஓடி வந்தாரு.

"பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறீங்களே அம்மா! ஒரு தடவை ஏமாந்துட்டா எந்த வீட்டுப் பானையிலயும் அடுத்த பிடி விழாது. நாலு கரைக்கும் இதை விட்டா வேற என்ன இருக்கு?"

"போய்ச் சாப்பிடுங்க, அண்ணே."

சாப்பாடு இறங்கல. வாசல்ல ஒரே சண்டை.

"உங்க கன்னை ஆடு மேய்ஞ்சது பத்தாதா?"

"ஆடு யாருதுய்யா? உன் மச்சானுதுதானே!"

அப்புறம் ஒரு சிரிப்பு. அப்புறம் சத்தமே இல்ல.

பொறுக்க முடியாம எழுந்து போய்ப் பார்த்தாரு. அறையில ஒரு மணி அரிசி கிடையாது. சுத்தமா பெருக்கி விட்டிருந்தாங்க. கதவையும் காணோம்.

"அம்மா! கதவைக்கூட தூக்கிட்டுப் போயிட்டாங்க!"

"சாவி?"

"ஆணியில மாட்டியிருக்கு."

"நல்ல ஆளுங்க. எங்கன்னு போய்ப் பாருங்க."

சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு வண்டித் தடத்தைப் பிடிச்சு ஓடினாரு. தடம் கீழ்க்கரையில போய் முடிஞ்சுது.

கீழ்க்கரையிலேருந்து அரிசி கேட்டு யாருமே வரல. அங்க கடல் கரையை உடைச்சுக்கிட்டு இருந்துச்சு. மூணு கரை ஆளுங்களும் கூடை கூடையா மண்ணு கொட்டிக்கிட்டு இருந்தாங்க. ஓரமா ஒரு அண்டாவில சோறு கொதிச்சுது.

"இவங்க கேக்கவே இல்லையேப்பா!"

"கேக்க வந்தா கரையை யாரு பிடிச்சுக்கிறது, பெரியவரே?" மேலக்கரைக்காரர் ஒருத்தர் சொன்னாரு. "வர்ற வழியில பார்த்தோம், சண்டையில மறந்துட்டோம். இங்க உடைஞ்சா உப்புத் தண்ணி நேரா எங்க வாய்க்காலுக்குத்தான் வரும்."

"எங்க கன்னையும் பிடுங்கிட்டுப் போயிடும்," வடகரைப் பொம்பளை ஒருத்தி சொன்னா.

தென்கரைக்காரர் மண்வெட்டியை ஊனிக்கிட்டுச் சிரிச்சாரு. "அதிகாரியைக் கூட்டிட்டு வர ஆள் போயிருக்கு. காட்டை வெட்டுனா கரை என்ன ஆகும்னு வந்து பார்க்கட்டும். அங்க சும்மா நிக்கிறதுக்குப் பதிலா, இங்க மண்ணு சுமந்துக்கிட்டு நிக்கிறோம்."

"கதவு?"

"அந்தா."

பனம்பலகைக் கதவு உடைப்புல முட்டுக் கொடுத்து நின்னுச்சு. அலை வந்து தட்டிப் பார்த்துச்சு. யாரும் திறக்கல. திரும்பிப் போயிடுச்சு.

கீழ்க்கரைப் பொண்ணு ஒருத்தி, யாருகிட்டயும் வாய் திறந்து பேசாதவ, ஆள் யாருன்னு பார்க்காம மாசிலாமணி தலையில ஒரு கூடை மண்ணை ஏத்திவிட்டா. ஏத்தினப்புறம் பார்த்தா. நாக்கைக் கடிச்சுக்கிட்டா.

அவரு கூடையை இறக்கல.

பொழுது சாயும்போது பொன்னுருவி ஊறுகாய் ஜாடியோட வந்து சேர்ந்தாங்க. அடையாளமே தெரியாத ஒரு சேத்து மனுஷனைப் பார்த்துக் கேட்டாங்க.

"அண்ணே, அறையைப் பூட்டியாச்சா?"

மாசிலாமணி இடுப்பைத் தடவினாரு. இல்ல. அப்புறம் ஞாபகம் வந்து பூவரச மரத்தடியைக் காட்டினாரு. அங்க ஒரு தூளி. அழுதுக்கிட்டு இருந்த புள்ளைக்கு அவரு கொடுத்திருந்த சாவியை, அது ரெண்டு கையாலயும் பிடிச்சுக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"இனிமே அவரு பார்த்துக்குவாரு, அம்மா."

பொன்னுருவி ஜாடியைக் கீழ வச்சாங்க. அவரைக் கும்பிட்டாங்க.

அவ்வளவுதான் கதை. இதுல நான் என்ன சொல்ல வர்றேன்னா, கொடுக்கிறவங்க முதல்ல

"ஏ செண்பகம்! புள்ள முழிச்சுக்கிட்டான், மறுபடி அந்தச் சாவியை வாயில வச்சிட்டான் பாரு!"

வந்துட்டேன் அத்தே! பிடுங்கிடாதீங்க, அது மாசிலாமணி ஐயா அவன்கிட்ட கொடுத்து வச்ச