சோளக்கொல்லைப் பொம்மை கொடுத்த சோறு

காதைக் கொடுங்கள், வாயைக் கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள். நடுவில் யாராவது கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வரும், கதையும் மறந்துபோகும்.

ராஜா நினைத்ததெல்லாம் சட்டமாக இருந்த காலம் அது. கடலோரத்தில் ஆலந்துறை என்று ஓர் ஊர். அங்கே உப்பு விளைவிக்கிற மாசானமும் அவன் பெண்சாதி பேராச்சியும் இருந்தார்கள். மாசானத்துக்கு எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கிற வழக்கம். பேராச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் அந்த வாயில் பொய் மட்டும் வராது. அந்த வட்டாரத்துக்கே அவள்தான் மருத்துவச்சி. வயிற்றில் குறுக்கே கிடக்கிற பிள்ளையைக்கூட எண்ணெய் தொட்டுத் தடவியே திருப்பிவிடுவாள்.

அவர்களுக்கு ஒரே மகள், வடிவு. உப்பு வாங்க வந்த மாட்டுக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, எங்கோ மலையடிவாரத்துக்குப் போய்விட்டாள். அங்கே இரண்டு முறை பிள்ளை பெற்றாள். இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தபோது ஒரு வழிப்போக்கனிடம் சொல்லியனுப்பினாள்.

"பிரசவம் மாசி அமாவாசையைத் தாண்டாதுன்னு இங்க சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு. அம்மா வந்து பக்கத்துல நின்னாத்தான் இந்தப் பிள்ளை தங்கும்."

செய்தி வந்து சேர்ந்தபோது அமாவாசைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. மலைக்கு நடையும் ஒரு மாதம். பேராச்சி அவலையும் கருப்பட்டியையும் மூட்டை கட்டினாள். மாசானம் முணுமுணுத்துக்கொண்டே தடியை எடுத்தான். நடந்தார்கள், நடந்தார்கள், நடந்துகொண்டே இருந்தார்கள். கால் வலித்ததா என்று கேட்காதீர்கள். வலிக்கத்தான் செய்தது.

பத்தாம் நாள் கொற்றங்குடி நாட்டு எல்லைக்கு வந்தார்கள். அங்கே ஒருவன் முரசு அடித்துக்கொண்டிருந்தான்.

"இதனால் சகலமானவர்க்கும்! அந்நியருக்குச் சோறோ தண்ணீரோ கொடுத்தாலும், ஆறு கடத்திவிட்டாலும், கொடுத்த கை வெட்டப்படும்!"

ஏன் இப்படி ஒரு சட்டம்? முந்தின வருஷம் பகை நாட்டு ஆட்கள் இரண்டு பேர் வழிப்போக்கர் வேஷத்தில் வந்தார்கள். ஒரு வீட்டில் உண்டுவிட்டு, ராஜாவின் களஞ்சியத்துக்குத் தீ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, ராஜாவுக்கும் அதே கதிதான். யாரைக் கண்டாலும் பயம்.

அந்த நாட்டைத் தாண்டித்தான் மலைக்குப் போகவேண்டும். சுற்றிப் போனால் இரண்டு மாதம் ஆகும்.

பேராச்சி புருஷனிடம் சொன்னாள்: "என்னங்க, பட்டினி கிடந்தாலும் கிடப்போம். யார்கிட்டயும் வாய் திறந்து கேட்கக் கூடாது. நம்மால ஒருத்தர் கை போயிடக் கூடாது."

"கேட்காம இருந்துக்கலாம். நாலு நாள் அவல்தான் இருக்கு, அதையும் நினைச்சுக்கோ" என்று முணுமுணுத்தான் மாசானம்.

அவன் சொன்னது சரிதான். நாலாம் நாளோடு அவல் தீர்ந்தது. மறுநாள் வெயிலில் சுரைக்குடுக்கைத் தண்ணீரும் தீர்ந்தது. ஒரு கேணிக்கரையில் மாசானம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். கேணியில் ஒரு பெண் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்தாள், பார்க்காதவள் மாதிரி திரும்பிக்கொண்டாள். பிறகு பக்கத்திலிருந்த மாட்டுத் தொட்டியை வைக்கோலால் தேய்த்துத் தேய்த்து மூன்று முறை கழுவினாள். மாட்டுக்கு யாராவது அப்படிக் கழுவுவார்களா? நிறையத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, ஆகாயத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"இந்தப் பாழாப்போன பசுவை எங்க காணோம்? நான் ஊத்துறதை ஊத்திட்டேன். எது வந்து குடிச்சா எனக்கென்ன."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள், திரும்பியே பார்க்கவில்லை. இரண்டு பேரும் வயிறு முட்டக் குடித்தார்கள்.

தண்ணீர் சோறாகுமா? ஆகாது. அடுத்த நாள் ஒரு சோளக்கொல்லை. அதில் ஒரு கிழவனார் காவல் இருந்தார். இவர்கள் நடக்கிற நடையைப் பார்த்தே அவருக்குப் பசி தெரிந்துவிட்டது. தன் சோற்றுப் பொட்டலத்தை எடுத்தார். கொல்லை நடுவில் நின்ற வைக்கோல் பொம்மையின் கையில் அதைக் கட்டினார். கட்டிவிட்டு, பொம்மையைத் திட்ட ஆரம்பித்தார்.

"ஏன்டா, நாள் பூரா சும்மா நிக்கிறியே, உனக்குப் புத்தி வேண்டாமா? நாலு பேருக்கு நல்லது செய்யேன்டா. உன் கையை வெட்டினா வலிக்கவா போகுது?"

சொல்லிவிட்டு முண்டாசை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். பேராச்சி பொம்மையின் கையிலிருந்து பொட்டலத்தை அவிழ்த்தாள். கம்பஞ்சோறு, கருவாட்டுத் துவையல். மாசானம் அன்றைக்கு ஒரு வார்த்தைகூட முணுமுணுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் இதே கூத்துதான். யாரும் எதையும் கொடுக்கவில்லை, ஆனால் இவர்கள் பட்டினியும் கிடக்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் பெரிய ஆறு குறுக்கிட்டது. படகு இருந்தது, படகுக்காரனும் இருந்தான். ஆனால் கடத்திவிட்டால் கை போகும். இவர்கள் கரையிலேயே நின்றார்கள். படகுக்காரன் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு பேர் கையையும் தளர்வாகக் கட்டினான்.

"ஆத்தங்கரையில ரெண்டு அந்நியரா? வசமா மாட்டினீங்க. அக்கரைக் காவல் சாவடியில உங்களை ஒப்படைக்கணும். ம், ஏறுங்க."

மாசானம் முணுமுணுத்துக்கொண்டே ஏறினான், பேராச்சியும் ஏறினாள். நடு ஆற்றில் படகுக்காரன் கலயத்தைத் திறந்து கூழை நீட்டினான். "கைதிக்குக் கூழ் ஊத்தக் கூடாதுன்னு எவனும் முரசு அடிக்கலையே. குடிங்க பெரியவரே, இருக்கு." அக்கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்தான். சுற்றுமுற்றும் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"சாவடியைக் காணோமே. போன வெள்ளத்துல போயிருக்கும். நான் எங்கேன்னு தேடுறது? நீங்களே போய்த் தேடிக்கோங்க."

இப்படிப்பட்ட மனிதர்கள் அந்த நாட்டில் இருந்தார்கள். அதைச் சொல்லும்போதே எனக்கு மனசு குளிர்கிறது.

ஆனால் இரண்டாம் நாளே நிஜமாகவே சேவகர்கள் பிடித்துவிட்டார்கள். சேவகர் தலைவன் எல்லையைத் தாண்டி எத்தனை நாள் என்று விசாரித்துவிட்டு இவர்களை ஏற இறங்கப் பார்த்தான். "எல்லையிலிருந்து இரண்டு வாரமா நடந்து வந்திருக்கீங்க. இன்னும் விழாம நிக்கிறீங்க. அப்படின்னா எவனோ கொடுத்திருக்கான்" என்றான். இழுத்துக்கொண்டு போய் ராஜாவின் முன்னால் நிறுத்தியபோது அமாவாசைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"உங்களுக்கு உதவி செய்தது யார்?" என்று ராஜா கேட்டார்.

பேராச்சிக்குப் பொய் வராது என்றுதான் முதலிலேயே சொன்னேனே. நடந்ததை நடந்தபடி சொன்னாள். தொட்டியைச் சொன்னாள், பொம்மையைச் சொன்னாள், கைதியானதைச் சொன்னாள். சபையில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராஜா சிரிக்கவில்லை.

"எந்த ஊர்க் கேணி? எந்தக் கொல்லை? எந்தத் துறை?"

"அதை மட்டும் சொல்ல மாட்டேன் மகாராஜா" என்றாள் பேராச்சி. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணக் கூடாது. கை வேணும்னா வாங்கின கை இதோ இருக்கு, எடுத்துக்கோங்க. ஆனா பத்து நாள் கழிச்சு எடுத்துக்கோங்க. இந்தக் கையை நம்பி மலையடிவாரத்துல என் மகள் காத்திருக்கா. ரெண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவ."

மாசானம் தடியைக் கீழே போட்டான். முன்னால் வந்து, அவள் கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, தன் கையை நீட்டினான். "அவ கை வேண்டாம், அது பிள்ளை எடுக்கிற கை. வாங்கித் தின்னதுல முக்கால்வாசி நான்தான்" என்றான்.

ராஜா அந்தக் காய்ப்பேறிய கையையே பார்த்தார்.

"அம்மா, அந்த மூன்று பேருக்கும் என் சட்டம் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் மகாராஜா. பயந்து நடுங்கிக்கிட்டேதான் கொடுத்தாங்க. தொட்டியைக் கழுவும்போது அந்தப் பொண்ணு கை வெடவெடன்னு ஆடினதை நான் பார்த்தேன்."

ராஜாவின் முகம் வாடிவிட்டது. "நானும் பயந்தேன். பயந்து கதவைச் சாத்தினேன். என் குடிமக்களும் பயந்தார்கள். பயந்துகொண்டே கொடுத்திருக்கிறார்கள்" என்று மெல்லச் சொன்னார். பிறகு கேட்டார்: "மலையடிவாரம் இங்கிருந்து எத்தனை நாள்?"

"நடந்தா ஆறு நாள்."

ராஜா எழுந்தார். ஆளைக் கூப்பிடவில்லை. தானே செம்பில் நீர் மொண்டு மாசானத்துக்குக் கொடுத்தார். தானே லாயத்துக்குப் போய், தன் இரட்டைக் குதிரைத் தேரின் கடிவாளத்தைப் பிடித்து வந்து பேராச்சியின் முன்னால் நிறுத்தினார். "ஏறுங்கள் அம்மா. இரண்டு நாளில் போய்விடலாம்" என்றார்.

பிறகு அமைச்சரிடம் திரும்பி வலது கையை நீட்டினார்.

"அமைச்சரே, இவர்கள் அந்நியர்கள். நான் தண்ணீர் கொடுத்திருக்கிறேன், தேர் கொடுத்திருக்கிறேன். சட்டத்தில் ராஜாவின் கைக்கு விலக்கு இருக்கிறதா?"

"இல்லை, மகாராஜா."

"அப்படியானால் என் கையை வெட்டுங்கள், இல்லை சட்டம் எழுதின அந்த ஓலையைக் கிழியுங்கள்."

அமைச்சர் ஓலையைக் கிழித்தார். ஒரு தடவை கிழித்தது போதாது என்று மூன்று தடவை கிழித்தார். பாவம், அவர் எத்தனை நாளாக அதற்குக் காத்திருந்தாரோ.

அமாவாசைக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது தேர் மலையடிவாரத்தில் நின்றது. வடிவுக்குக் காலையிலேயே வலி எடுத்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. பேராச்சி கால்கூடக் கழுவாமல் உள்ளே ஓடினாள், எண்ணெயைத் தொட்டாள், தடவித் தடவித் திருப்பினாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் பிள்ளை பிறந்தது. வீல் என்று அழுதது. வாசலில் நின்ற மாசானம் அதைக் கேட்டுவிட்டுத் தானும் அழுதான்.

வடிவு தாயின் வெடித்த பாதங்களைப் பார்த்தாள். "இம்புட்டுத் தூரம் எப்படிம்மா ரெண்டு பேரும் தனியா வந்தீங்க?" என்று கேட்டாள்.

"தனியாவா? எங்களைக் கைமாத்திக் கைமாத்திக் கொண்டுவந்து விட்டாங்கடி. ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது" என்றாள் பேராச்சி.

நீதி இதுதான்: மனசில் எவ்வளவு பயம் இருந்தாலும், வழியில் களைத்து வருகிறவருக்கு இரங்குவதை ஒருநாளும் நிறுத்தக் கூடாது.