புட்டிக்குள் ஒரு கடற்கரை

அறவாழி சுங்கத்துறையில் இருந்தவர். காலமெல்லாம் ஊரார் பெட்டிகளைக் கிளறிப் பார்த்தே ஓய்வு பெற்றார். அவர் ஓய்ந்தாலும் கண் ஓயவில்லை. யாராவது சிரித்தால், எதை மறைக்கச் சிரிக்கிறார் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

அவருடைய குரு திலகவதி அம்மா, வயதில் அவரைவிடச் சின்னவர். பிரேசில் நாட்டின் கடலோரச் சிற்றூர் ஒன்றில் தியானம் சொல்லிக்கொடுக்க வருடாவருடம் போய்த் தங்குவார். அந்த ஊர் பாஷையும் அவருக்குப் பழகியிருந்தது. ஒரு முறை அறவாழியும் கூடப் போனார்.

போன இடத்திலும் மனம் சென்னையில்தான் இருந்தது. ஒரே மகள் நறுமுகை தனக்கென்று ஒருவனைத் தேர்ந்தெடுத்திருந்தாள். பையனிடம் குறை ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அறவாழியை உறுத்தியது. அவனுக்குப் பின்னால் அனுப்ப ஒரு துப்பறியும் ஆளைப் பேசி வைத்திருந்தார். மகளுக்கு அது எட்டிவிட்டது.

"ஆள் விட்டு வேவு பாத்தீங்கன்னா, அதோட எனக்கு அப்பா இல்லன்னு நெனைச்சுக்குவேன்" என்றாள். சொன்னதைச் செய்கிற பெண்.

ஊருக்குக் கிளம்பும் முன் அவளுக்கு ஏதாவது வாங்கலாம் என்று ஒரு காலையில் கடைத்தெருவுக்குப் போனார்கள். அறவாழி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நடந்தார். கையால் பின்னிய லேஸ் என்றார்கள். மிஷின் வேலை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிப்பி மாலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இளநீரைக்கூட, ஏற்கெனவே ஓட்டை போட்ட காயோ என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

"வெளியூர்க்காரன்னு தெரிஞ்சா தலையில மிளகாய் அரைப்பாங்க அம்மா."

"அரைச்சா எரியுமே. எரியுதா?"

"இன்னும் இல்ல."

ஜுரேமா என்ற பெண்ணின் கடையில் அவர் நின்றுவிட்டார். கையடக்கமான கண்ணாடிப் புட்டி. உள்ளே செம்மண் குன்று, அதன் அடியில் கடல், பாய் விரித்த கட்டுமரம், அதில் இரண்டு பேர். எல்லாம் நிற மணல். புட்டியின் வாய் வழியாகக் கம்பியை விட்டு, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கிச் செய்வது என்று அம்மா சொன்னார்.

நறுமுகைக்கு இது பிடிக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவ்வளவு சுலபமாகத் தெரிந்ததே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"மணல்ல போய் ஆள் உருவம் வருமா? உள்ள படத்தை ஒட்டியிருக்காங்க. நம்ம காதுல பூ சுத்துறாங்க."

அம்மா கேட்டார். ஜுரேமா முகம் சுளித்து ஏதோ சொன்னாள்.

"மணல்தானாம். நம்பிக்கை இல்லன்னா வாங்க வேண்டாமாம்."

"பாத்தீங்களா, கோபம் வருது. என் சர்வீஸ்ல இந்தக் கோபத்தை நெறைய பாத்திருக்கேன்."

பணத்தைக் கொடுத்துவிட்டு, புட்டியின் வாயை அடைத்திருந்த பசையில் பேனாக்கத்தியை வைத்தார்.

"திறந்தே ஆகணுமா?" என்றார் அம்மா.

"திறக்காம எப்படித் தெரியும்?"

அம்மா தடுக்கவில்லை. அறவாழி பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் புட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். இறுக அடைத்த மணல், முதலில் அசையவில்லை. ஓங்கித் தட்டினார். வானம் கொட்டியது. பிறகு குன்று. பிறகு கட்டுமரமும் அதிலிருந்த இரண்டு பேரும். கடைசியாகக் கடல்.

புட்டிக்குள் எட்டிப் பார்த்தார். படம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. மணலை விரலால் கிளறினார். நிறங்கள் கலந்து அழுக்குப் பழுப்பாகிக் கிடந்தன.

"மணல்தான் அம்மா." அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. "அசல் மணல். நான்தான் தப்பா நெனைச்சுட்டேன். இதே மாதிரி இன்னொண்ணு குடுக்கச் சொல்லுங்க, மகளுக்கு."

அம்மா கேட்டார். ஜுரேமா மணலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"உங்களுக்குத் தரமாட்டாங்களாம்."

அறவாழி பேனாக்கத்தியை மடக்கிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சென்னையிலிருந்து அந்தத் துப்பறியும் ஆள்.

"சார், நாளைக்குக் காலையில பையன் பின்னால போகட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"என்ன சொல்லட்டும் அம்மா?"

அம்மா செய்தித்தாளின் முனைகளைக் கூட்டி, மணலைப் பொட்டலமாக மடித்து அவர் கையில் வைத்தார்.

"போகச் சொல்லுங்க. அந்தப் பையனும் நல்லவனாத்தான் இருப்பான்."