காற்றுக்கு வழிவிட்ட பேழை

நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டிக் கதை கேட்கிறவர்களே, இது உங்களுக்குத்தான்.

பாய்மரக் கப்பல்கள் வந்துபோன காலத்தில், ஒரு கடற்கரையில் கஸ்பார் என்றொரு சங்கு வியாபாரி இருந்தான். அவன் மனைவி பெயர் நத்தாள். அந்த ஊர்க் கோயிலுக்கு ஓலைக்கூரை, மணல் தரை. பீடத்தின் நடுவில், 'நன்மை' என்கிற புனித அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழை. ஆண்டவர் அதற்குள் இருக்கிறார் என்பதற்கு அடையாளமாக எதிரில் ஓர் அணையா விளக்கு. சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் ஊரார் பேழையின் முன் கூடி ஜெபம் சொல்வார்கள்.

கஸ்பாருக்குப் பணம் சேர்ந்தது. சேர்ந்ததும் கோயில் மணல் சுட்டது, பாய் வந்தது. பாயில் உட்கார்ந்தால் முதுகு வலித்தது, திண்டு வந்தது. திண்டில் சாய்ந்தால் வேர்த்தது, காற்று வேண்டுமாம்! கடல் பக்கத்துச் சுவரில் ஜன்னல் வைக்கலாமென்றால், பேழை அங்கே நிற்கிறது.

பேழையைத் தூக்கிப் பின்னறையில் வைத்தார்கள். ஜன்னல் திறந்தது. அடேயப்பா, என்ன காற்று! ஊரே கஸ்பாரைக் கொண்டாடியது.

சாமியார் வந்து பார்த்தார். "ஆண்டவரை எங்கேப்பா வெச்சீங்க?"

"பின்னறையில பத்திரமா இருக்காரு சாமி. எங்கே இருந்தாலும் ஆண்டவர் ஆண்டவர்தானே?" என்றான் கஸ்பார்.

பேச்சில் எவ்வளவு பக்தி பாருங்கள்! "விளக்கையாவது அணைய விடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாமியார் போனார்.

அந்தப் புழுக்கமான அறைக்குள் தினமும் போனது நத்தாள் ஒருத்திதான். எண்ணெய் ஊற்றி, முழங்காலில் நின்று ஜெபித்து, வேர்த்து நனைந்து வெளியே வருவாள். ஒருநாள் அவள் காய்ச்சலில் விழுந்தாள்.

"விளக்குக்கு எண்ணெய் ஊத்தினீங்களா?" என்று படுக்கையிலிருந்து கேட்டாள்.

"ஊத்தியாச்சு" என்றான். அவன் அந்தப் பக்கமே போகவில்லை.

மறுநாளும் கேட்டாள். "ஊத்தியாச்சு புள்ள."

அதற்கடுத்த நாளும் கேட்டாள். "ஊத்தியாச்சுன்னா ஊத்தியாச்சு. சும்மா தொணதொணக்காதே!"

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

மாதப் பூசைக்குச் சாமியார் வந்து போனார். கஸ்பார் பூசையிலேயே ஜன்னல் காற்றில் தூங்கிப்போனான். மனைவிக்கு நோய் என்று சொல்லக்கூட எழுந்திருக்கவில்லை.

சில வாரங்களில் நத்தாளுக்கு மூச்சு இழுத்தது. "கடைசியா நன்மை வாங்கணும். சாமியாரைக் கூட்டிட்டு வாங்க. ஆண்டவரோட போயிடுறேன்" என்றாள்.

இப்போதுதான் கஸ்பாருக்கு விளக்கின் நினைவு வந்தது. எண்ணெய்ச் செம்போடு கோயிலுக்கு ஓடினான். பின்னறையில் விளக்கு காய்ந்து கிடந்தது. பேழையைக் காணோம்.

படகேறிக் கழிமுகத்தைக் கடந்து சாமியாரைத் தேடிப் போனான். அக்கரை உப்பளத்தில் ஒரு சின்னக் குடிசை. அதில் பேழைக்கும் ஒரு புது விளக்குக்கும் மட்டுமே நிழல். உப்பு அள்ளுகிற சனங்கள் வெளியே உச்சிவெயிலில் முழங்காலில் நின்றார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இப்படித் திருடிட்டு வரலாமா சாமி?"

"திருடலப்பா. அணைஞ்ச விளக்கைப் பாத்தேன். பூசைக்கு வந்த அந்த ஞாயித்துக்கிழமை, உங்க எல்லார் முன்னாடியும்தான் தூக்கிட்டு வந்தேன். நீங்க ஜன்னலைப் பாத்துட்டு இருந்தீங்க" என்றார் சாமியார். அப்புறமும் ஞாயிறுதோறும் ஊர் கூடியிருக்கிறது. ஒருவனும் 'எங்கே' என்று கேட்கவில்லை.

சாமியார் நன்மையை எடுத்துக்கொண்டு உடனே படகேறினார். ஜன்னலில் இனித்த அதே காற்று, இப்போது எதிர்க்காற்றாக நின்று படகைத் தள்ளியது. கஸ்பார் கத்தினான், அழுதான், கை கிழியத் துடுப்புப் போட்டான்.

வீட்டுக்குள் நுழையும்போது நத்தாள் போய்விட்டிருந்தாள். "என் வீட்டுக்காரரு விளக்கை அணையவிடல. ஆண்டவர் வந்துடுவாரு" என்று சொல்லிக்கொண்டே போனாளாம்.

அடக்கம் முடிந்ததும் கஸ்பார் தன் கையாலேயே கல் வைத்து ஜன்னலை அடைத்தான். அடுத்த ஞாயிறு ஊரார் கோயிலுக்கு வந்தார்கள். யாரும் நத்தாளைப் பற்றி வாய் திறக்கவில்லை, பேழையைப் பற்றியும் கேட்கவில்லை.

"காத்து எங்கேப்பா?" என்றுதான் கேட்டார்கள்.

ஆண்டவரை ஒதுக்கிவிட்டுச் சுகத்தைத் தேடுகிறவனுக்கு, ஆண்டவர் தேவைப்படும் நேரத்தில் அந்தச் சுகம் துணைக்கு வராது.