ஆள்காட்டிக்கு மரம் இல்லாமல் போன கதை

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, தாழைமடை என்று ஓர் ஊர் இருந்தது. ஊர் என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. வயல் கொஞ்சம், கல் அதிகம். இருந்ததெல்லாம் ஒரு குளம். குளத்துக்குள்ளே இடுப்பளவு தண்ணீரில் கருவேல மரங்கள் கூட்டமாக நின்றன. தை பிறந்ததும் கூழைக்கடாவும் செங்கால் நாரையும் அரிவாள்மூக்கனும் எங்கிருந்தோ வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். அப்புறம் மரத்தில் இலை தெரியாது, பறவைதான் தெரியும்.

அதைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களுக்குச் சோறு வேண்டும், படுக்க இடம் வேண்டும், மாட்டுக்கு வைக்கோல் வேண்டும். தாழைமடைக்காரர்கள் அதில்தான் பிழைத்தார்கள். மற்ற ஊர்களில் நெல் விளைந்தது, இந்த ஊரில் ஆள் விளைந்தது.

குளத்தங்கரையில் சோற்றுக்கடை வைத்திருந்தவள் முப்புடாதி. புருஷன் செத்துப்போய், இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக நின்றவள். தையில் இருந்து வைகாசி வரை பொங்கிப் போட்டால்தான் மிச்ச மாதங்களில் அவள் வீட்டு அடுப்பு எரியும்.

அவளுக்கு ஒரு சிநேகிதி உண்டு. நெட்டைக்காலும் கறுத்த தலையும் வெளுத்த வயிறுமாக ஒரு குருவி. ஊரார் அதைக் காவக்காரி என்று கூப்பிட்டார்கள். குளத்திலேயே உயரமான மரத்தின் உச்சிக்கிளைதான் அதன் இடம். வலையோடு வேடன் வந்தாலோ, கரையோரம் காட்டுப்பூனை பதுங்கினாலோ, அது ஒரே ஒரு சத்தம் போடும். அத்தனை பறவையும் அந்த நொடியில் எழுந்துவிடும். காவக்காரி ஒருநாளும் சும்மா சத்தம் போட்டதில்லை. அதனால்தான் முட்டையில் உட்கார்ந்த தாய்கள் கண்ணை மூடித் தூங்கின.

சமையல் முடிந்த நேரத்தில் காவக்காரி கடைக்கு வரும். எந்த நாரை எத்தனை முட்டை இட்டது, எந்த நீர்க்காகம் யாருடைய குச்சியைத் திருடியது என்று ஊர்க்கதையெல்லாம் சொல்லும். முப்புடாதிக்கு அந்தப் பேச்சுத்தான் பகல் முழுவதற்கும் இருந்த ஒரே ஆறுதல்.

ஒரு மாசி மாதத்தில் தூரத்து ஊரிலிருந்து ஏழெட்டு வண்டி வந்தது. உச்சி வெயில். பறவைகளெல்லாம் முட்டையை அணைத்துக்கொண்டு அசையாமல் இருந்தன. வந்தவர்களில் ஒருவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தான்.

“இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்? வண்ணான் துணி காயப்போட்ட மாதிரில்லா இருக்கு. ஒண்ணும் பறக்காதா?”

வண்டிகள் அப்படியே திரும்பிப் போயின. முப்புடாதி வடித்த சோறு பானையோடு கிடந்தது. ஊருக்குப் பெரியவர் சிவனணைஞ்சான் அவளைத் தேடி வந்தார்.

“ஏளா முப்புடாதி, அந்தக் காவக்காரி ஒன்கிட்ட நல்லாப் பேசுதால்லா. நாளைக்கும் ஆளு வருது. ஒரு சத்தம் குடுக்கச் சொல்லு. எல்லாம் எந்திரிச்சு ஒரு சுத்து சுத்திட்டு உக்காரட்டும். அதுகளுக்கு என்ன, தேஞ்சா போவும்?”

முப்புடாதி போய்க் கேட்டாள். காவக்காரி தலையைச் சாய்த்து யோசித்தது.

“பயம் ஒண்ணும் இல்லாம எப்படிக்கா கூப்பிடுவேன்?”

“ஒரு தடவைதாம்ட்டி. எனக்காக.”

சிநேகிதத்துக்குக் கட்டுப்பட்டு அது கூப்பிட்டது. வானம் வெளுத்துப்போகும்படி பறவைகள் எழுந்தன. வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். இரண்டு நாள் தங்கினார்கள். முப்புடாதியின் பானையில் பருக்கை மிஞ்சவில்லை.

அவ்வளவுதான், ஊருக்கு அது வழக்கமாகிவிட்டது. மதியக் கூப்பாடு என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். சந்தைகளில் போய்த் தண்டோரா போட்டார்கள். கூட்டம் நேரம் பார்த்து வந்து, அண்ணாந்து பார்த்தது. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்களே தவிர, தாய் எழுந்துபோன கூட்டை ஒருவரும் பார்க்கவில்லை. காக்கைகள் பார்த்தன. வேடிக்கைக்காரர்கள் ஒருநாள் பிந்தினாலும் பிந்துவார்கள், காக்கைகள் பிந்துவதே இல்லை.

மறுவருஷம் பறவை குறைந்தது. அடுத்த வருஷம் அரிவாள்மூக்கன் ஒன்றுகூட வரவில்லை. பாதி மரங்கள் வெறும் முள்ளாக நின்றன. ஊர் கூடிப் பேசியது. மழை பொய்த்ததுதான் காரணம் என்றார் ஒருவர். பக்கத்து ஊர்க்காரன் கள்ளத்தனமாக வலை போடுகிறான் என்றார் இன்னொருவர். மடைச்சாமிக்குக் கிடா வெட்டாத குறை என்று பூசாரி சொல்ல, கிடாவும் வெட்டினார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதுதான் மிச்சம்.

முப்புடாதிக்குத் தெரியும். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கரையோரம் உடைந்த முட்டை ஓடுகளை அவள் பார்த்திருந்தாள். கூட்டத்தில் வாயைத் திறந்தாள், அப்புறம் மூடிக்கொண்டாள். சொன்னால் கூப்பாடு நின்றுபோகும், பிள்ளைகள் பட்டினி கிடக்கும். பறவை குறையக் குறைய வந்தவர்கள் இவ்வளவுதானா என்று முகம் சுளித்தார்கள். அவர்களுக்காக ஒரு கூப்பாடு இரண்டானது, இரண்டு நான்கானது. நான்கு தடவையும் போய்க் கேட்டவள் அவள்தான். பாவி, ஒரு தடவையாவது வாய் கூசவில்லை.

நான்காம் வருஷம் பங்குனியில் ஐம்பது கூடுதான் இருந்தது. அப்போது பாளையக்காரர் குடும்பத்தோடு வருவதாகச் செய்தி வந்தது. சிவனணைஞ்சான் ஓட்டமும் நடையுமாகச் சோற்றுக்கடைக்கு வந்தார்.

“அவிய மனசு குளுந்துட்டா சத்திரம் கட்டித் தருவாவ, பாதை போட்டுத் தருவாவ. இல்லைன்னா இந்த ஊரு இத்தோட முடிஞ்சுது. நாம எல்லாரும் பஞ்சம் பிழைக்கப் போக வேண்டியதுதான். ஒங்கையிலதாம்ளா இருக்கு.”

அன்று மதியம் வெயில் கல்லைப் பொரித்தது. முப்புடாதி மரத்தடி வரை தண்ணீரில் நடந்துபோய் நின்றாள்.

“வேண்டாம்க்கா,” என்றது காவக்காரி. “குஞ்செல்லாம் முடி மொளைக்காம கெடக்கு. தாய்க்காரிக ரெக்கைய விரிச்சு நெழல் குடுத்துட்டு நிக்காளுவ. எந்திரிச்சா அதுக வெந்துரும்.”

“இதுதாம்ட்டி கடைசி. சத்தியமா.”

காவக்காரி கிளையிலிருந்து குனிந்து அவள் முகத்தைப் பார்த்தது.

“ஒனக்குத் தெரிஞ்சுதான் கேக்கியாக்கா?”

“தெரிஞ்சுதான் கேக்கேன்.”

காவக்காரி கூப்பிட்டது.

பறவைகள் எழுந்தன. பாளையக்காரரின் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். பறவைகள் இறங்க வந்தபோது, இன்னும் கொஞ்சம் பறக்கட்டும் என்று பாளையக்காரர் கையை ஆட்டினார். ஆட்கள் கரையைச் சுற்றி நின்று தம்பட்டம் அடித்தார்கள். பறவைகள் இறங்குவதும், மிரண்டு ஏறுவதுமாகக் கதறின. நிழல் சாயும்வரை அது நடந்தது. பிறகு அவர்கள் முப்புடாதியின் கையால் சாப்பிட்டார்கள். ரசம் நன்றாயிருக்கிறது என்றார் பாளையக்காரர். வண்டியேறிப் போனார்கள்.

தம்பட்டம் ஓய்ந்ததும் தாய்ப்பறவைகள் கூட்டில் இறங்கின. ஒரு குஞ்சும் வாய் திறக்கவில்லை. அலகால் புரட்டிப் பார்த்தன, தண்ணீர் கொண்டுவந்து ஊற்றின, மறுபடி புரட்டின. குளத்தில் அப்படி ஓர் அமைதியை முப்புடாதி அதுவரை கேட்டதில்லை. கை கழுவ மறந்து, சோற்றுக் கையோடு கரையில் நின்றாள்.

வயதான செங்கால் நாரை ஒன்று உச்சிக்கிளைக்கு ஏறி வந்தது. அதன் கூட்டில் மூன்று குஞ்சு.

“யாரைப் பாத்துக் கூப்பிட்ட?”

நாரை அலகால் கரையைக் காட்டியது.

“வேடனா? பூனையா?”

“இல்ல. மனுசரு பாக்கணும்னு ஆசப்பட்டாவ. அதான் கூப்பிட்டேன்.”

“இத்தன நாளும் அதுக்குத்தானா?”

“அதுக்குத்தான்.”

நாரை குனிந்து காவக்காரியின் பின்விரலைக் கடித்துத் துண்டாக்கியது. ஒரு காலிலும், பிறகு மறுகாலிலும். காவக்காரி காலை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணருகே தெறித்த ரத்தத்தைக் கழுவவும் இல்லை.

“கிளையப் பிடிக்கத்தான் இந்த வெரலு. ஒனக்கு இனி மரம் வேண்டாம். மொட்டத் தரையில போய் முட்ட போடு. எம்பிள்ளைக கெடந்த வெயில்ல ஒம்பிள்ளைகளும் கெடக்கட்டும். மனுசன் காலடியில எந்நேரமும் பயந்து சாவு.”

இருட்டுவதற்குள் அத்தனை பறவையும் கிளம்பிப் போயின. மறுவருஷம் ஒன்றும் வரவில்லை, அதற்கு மறுவருஷமும் வரவில்லை. பறவை இல்லாத குளத்தைப் பார்க்க எந்த மடையன் வருவான்? பாளையக்காரர் சத்திரத்தை வேறெங்கோ கட்டினார். சிவனணைஞ்சான் வீட்டைப் பூட்டிக்கொண்டு முதல் ஆளாக வெளியேறினார். ஒவ்வொரு வீடாகக் கூரை சரிந்தது.

முப்புடாதியும் மூட்டை கட்டினாள். பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திவிட்டு, போவதற்கு முன் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று குளத்துப் பக்கம் போனாள். வறண்ட கரையில், சரளைக்கல்லுக்கு நடுவே, நிழலென்று ஒரு புல்கூட இல்லாத இடத்தில் காவக்காரி உட்கார்ந்திருந்தது. கண்ணோரத்து ரத்தம் தோலோடு ஊறிச் சிவப்பாகவே நின்றிருந்தது. அடியில் கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள்.

“ஏட்டி, நாந்தான். முப்புடாதி.”

அது அவளைப் பார்த்தது. விருட்டென்று எழுந்து அவள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. வேடனைக் கண்டால் போடுகிற அதே சத்தம். இந்தத் தடவை அது சும்மா கத்தவில்லை என்று முப்புடாதிக்குத் தெரிந்தது. அவள் கெஞ்சக் கெஞ்சச் சத்தம் கூடியதே தவிர, பேச்சென்று ஒரு வார்த்தை வரவில்லை. அந்தச் சத்தத்துக்கு எழுந்து பறக்கக் குளத்தில் ஒரு பறவையும் இல்லை.

அன்றைக்குப் பிடித்துத்தான் ஆள்காட்டிக்குருவி மரத்தில் உட்காராமல் வெறுந்தரையில் முட்டையிடுகிறது, நல்லவர் கெட்டவர் என்று பாராமல் எந்த மனிதரைக் கண்டாலும் கத்துகிறது.