கண்ணை மூடினால் தெரியும் பேனர்

சாத்தங்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பேனர் கடை. அங்கே மூன்று பேர் வேலை பார்த்தார்கள். கொம்பையா ஏணி பிடிப்பார். நயினார் ஏணியில் ஏறுவான். செல்லக்கனி கீழே நின்று கயிறு எடுத்துக் கொடுப்பாள். மூன்று பேரும் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர்கள். அவர்களிடம் இருந்த ஒரே குறை அதுதான்.

ஒருமுறை ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்கு, "பேனரை நல்லா இழுத்துக் கட்டுங்க" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். விழா இந்தத் தெருவில் நடந்தது. பேனர் அடுத்த தெருவில் இருந்தது.

கம்ப்யூட்டரில் படம் செய்கிறவன் அருள்தாஸ். அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் பார்த்து அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. அண்ணாச்சி பயந்துபோனார். மச்சான் ஆண்டியப்பனை நினைத்துத்தான். பெண்ணுக்குத் தாய்மாமன் அவர். பத்திரிகையில் தன் பெயருக்கு முன்னால் இனிஷியல் இல்லை என்று ஒரு கல்யாணத்தையும், சாம்பார் தன் இலைக்கு இரண்டாவதாக வந்தது என்று இன்னொரு கல்யாணத்தையும் நிறுத்தியவர்.

"சாயங்காலம் நாலரைக்கு மாப்பிள்ளை அழைப்பு. அதுக்குள்ள மச்சான் படம் மண்டப வாசல்ல நிக்கணும். நிக்கலேன்னா என் மக கல்யாணம் நிக்கும்" என்றார் அண்ணாச்சி. "என் தங்கச்சி மக பொன்மலர் ரயில்ல வந்துட்டிருக்கா. நம்ம கடை புரோகிராமே அவ எழுதினதுதான். போன்ல சொல்லுவா, அப்படியே செய்யுங்க." மச்சானின் போட்டோவை செல்லக்கனியின் போனுக்கு அனுப்பிவிட்டு மண்டபத்துக்கு ஓடினார்.

அந்த புரோகிராம் எப்படியென்றால், படத்தை முதலில் கம்ப்யூட்டரின் மெமரிக்குள்ளேயே புள்ளி புள்ளியாக வரைந்து, திருப்பி, வெட்டிச் சரிசெய்துகொள்ளும். பிறகுதான் வெளியே காட்டும். பொன்மலர் நல்ல பெண். இவர்களுக்கு இங்கிலீஷ் வராதே என்று இரக்கப்பட்டு எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னாள். ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது.

செல்லக்கனி கேட்டது கேட்டபடி சீட்டில் எழுதினாள். எழுதி முடிக்கவும் சிக்னல் போகவும் சரியாக இருந்தது.

"ஒரு வரியை முடிச்சுட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகணுமாம்" என்று சொல்லிவிட்டு முதல் வரியைப் படித்தாள். "நினைவில் ஒரு வெற்றுப் படம் உருவாக்கவும். அகலம் நானூறு புள்ளி, உயரம் அறுநூறு புள்ளி."

நயினார் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "அண்ணே, இதைத் தொடணுமா?"

"சீட்டுல கம்ப்யூட்டர்னு ஒரு வார்த்தை இருக்கா?" என்று கேட்டார் கொம்பையா.

செல்லக்கனி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இல்லண்ணே. நினைவுன்னுதான் இருக்கு."

"அப்ப தொடக்கூடாது."

மூன்று பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். நயினார் மனசுக்குள் ஒவ்வொரு புள்ளியாக வைத்தான். முந்நூற்று எழுபதாவது புள்ளியில் ஒரு பெரியவர் வந்து, "காதுகுத்துக்கு ஒரு பேனர் வேணும்" என்றார்.

"சத்தம் போடாதீங்கய்யா, புள்ளி சிதறிரும்" என்றாள் செல்லக்கனி, கண்ணைத் திறக்காமலே. பெரியவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்.

அடுத்த வரி: பின்னணியை மஞ்சளால் நிரப்பவும்.

"நான் நிரப்பிட்டேன். எலுமிச்சம்பழ மஞ்சள்" என்றான் நயினார்.

"நான் பூசு மஞ்சள்ல நிரப்பிட்டேனே!" என்றாள் செல்லக்கனி.

கொம்பையா பதறிப்போனார். அவர் நிரப்பியிருந்தது பள்ளிக்கூட வேன் மஞ்சள். "ஒரு மனுஷனுக்குப் பின்னால மூணு மஞ்சள் இருந்தா, அவரு கல்யாணத்தை நிறுத்தாம வேற என்ன செய்வாரு?"

வெகுநேரம் விவாதம் நடந்தது. கடைசியில் படத்தைப் பங்கு போடுவதென்று முடிவாயிற்று. ஆளுக்கு இருநூறு புள்ளி உயரம். நெற்றியிலிருந்து மூக்கு வரை கொம்பையா. மீசையிலிருந்து கழுத்து வரை நயினார். சட்டைப்பை, பேனா, மோதிரக் கை எல்லாம் செல்லக்கனி. மஞ்சள் விஷயத்தில் வேன் மஞ்சளே ஜெயித்தது. கொம்பையா வயதில் மூத்தவர்.

போனில் இருந்த போட்டோவை முறை வைத்துப் பார்த்து, அவரவர் பங்கை மனசில் ஒட்டிக்கொண்டார்கள். போட்டோவில் ஆண்டியப்பன் இடப்பக்கமாகப் படுத்த வாக்கில் இருந்தார். அதற்கும் சீட்டில் வழி இருந்தது: படத்தை வலப்பக்கம் தொண்ணூறு டிகிரி திருப்பவும்.

"படம் எங்க இருக்கு?" என்று கேட்டார் கொம்பையா.

"தலைக்குள்ள."

"அப்ப தலையைத் திருப்புனா படமும் கூடவே திரும்பும்ல?"

மூன்று பேரும் கடைத் தரையில் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்தார்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு குறட்டைச் சத்தம் கேட்டது.

"அண்ணே, மீசை தூங்கிட்டு" என்றாள் செல்லக்கனி.

"மெதுவா எழுப்பு. அவசரமா எழுப்புனா ஒரு பக்கம் உதிர்ந்துரும்."

அதற்கடுத்த வரி, ஓரங்களில் இருபது புள்ளி வெட்டவும் என்றது. தலைக்குள் இருக்கிற படத்துக்கு ஓரம் எது? காதுப்பக்கம்தான். பக்கத்து சலூனுக்குப் போனார்கள். சலூன்காரர் கத்திரியை எடுத்துக்கொண்டு, "எவ்வளவு வெட்டணும்?" என்று கேட்டார்.

"இருபது புள்ளி" என்றார் கொம்பையா. "உள்ள ஒரு பெரிய மனுஷன் இருக்காரு, பார்த்து வெட்டுங்க."

சலூன்காரர் கிருதாவை மட்டும் எடுத்துவிட்டு மூன்று பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். செல்லக்கனிக்கும் காதோரம் முடி போயிருந்தது. வேலை என்று வந்துவிட்டால் அவள் முடியைப் பார்க்கிறவள் இல்லை.

மணி நாலு. அடுத்த வரி: படத்தைத் திரைக்கு அனுப்பவும்.

"திரை மண்டபத்துலதான் இருக்கு. மேடையில சிவப்பா தொங்கும்" என்றான் நயினார்.

"ஆனா அண்ணாச்சி வாசல்லன்னாரே" என்றாள் செல்லக்கனி. ஆகவே மேடைத் திரையைக் கழற்றி வாசல் பந்தலில் கட்டினார்கள். ஏணியைச் சாத்தினார்கள். நெற்றி மேலே இருக்க வேண்டும் என்பதால், அன்றைக்குத்தான் கொம்பையா முதல்முறையாக ஏணியின் உச்சிக்கு ஏறினார். நடுப்படியில் நயினார். கீழ்ப்படியில் செல்லக்கனி, மோதிரக் கையை மடிமேல் வைத்தபடி. மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அண்ணாச்சி ஓடி வந்தார். "ஏலே, பேனர் எங்கலே?"

"உங்க முன்னாலதான் அண்ணாச்சி. தத்ரூபமா வந்திருக்கு" என்றார் கொம்பையா மேலேயிருந்து.

அண்ணாச்சி ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. ஆண்டியப்பன் இறங்கினார். ஏணியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"என் படம் எங்க?"

அண்ணாச்சி மனசுக்குள் மகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"கண்ணைத் திறந்து பார்த்தா எப்படித் தெரியும் ஐயா? மூடிப் பாருங்க" என்றாள் செல்லக்கனி.

ஆண்டியப்பன் வாழ்நாளில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. திகைப்பில் கண்ணை மூடிவிட்டார்.

"நெத்தி நல்ல அகலம்" என்று ஆரம்பித்தார் கொம்பையா. "மாட்டு வண்டியே திருப்பலாம்."

"மீசை ரெண்டு பக்கமும் மேல் நோக்கிப் போகுது. நரை ஒண்ணுகூட இல்ல" என்றான் நயினார். தூங்கி எழுந்ததில் அவனுக்கு நரை மறந்துபோயிருந்தது.

"பையில பேனா. விரல்ல மூணு மோதிரம். சட்டையில ஒரு சுருக்கம் கிடையாது" என்றாள் செல்லக்கனி.

ஆண்டியப்பனின் கழுத்து நரம்பு இறங்கியது. "தெரியுதுடா" என்றார் மெல்ல. "சங்கரலிங்கம், எனக்கு இவ்வளவு பெரிய படம் இதுவரைக்கும் எவனும் வச்சதில்ல. எந்தப் பக்கம் பார்த்தாலும் நான்தான் இருக்கேன்."

தாய்மாமனுக்குத் தெரிகிறது என்றதும் சொந்தக்காரர்களுக்கும் தெரிய ஆரம்பித்தது. வாசலில் இருந்த அத்தனை பேரும் கண்ணை மூடி, "ஆகா, மீசையைப் பாரு" என்றார்கள். ஊர்வலமாக வந்த மாப்பிள்ளை ஐந்து நிமிடம் மாலையும் கழுத்துமாகக் காத்திருந்துவிட்டு, தன்னைத்தானே மண்டபத்துக்குள் அழைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை தாலி கட்டும் நேரத்துக்குத்தான் பொன்மலர் வந்து சேர்ந்தாள். ரயில் அவ்வளவு தாமதம். மூன்று பேரும் இன்னும் ஏணியிலேயே இருப்பதைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"அண்ணே, நான் சொன்னது கம்ப்யூட்டரோட நினைவு!"

"நீ அதைச் சொல்லலையே தங்கச்சி. அப்புறம், கடைசி வரியில ஒரு சந்தேகம்" என்று கொம்பையா சீட்டை நீட்டினார். வேலை முடிந்ததும் மறக்காமல் நினைவைக் காலி செய்யவும் என்று இருந்தது. "நினைவைக் காலி பண்ணணும்னா மறக்கணும். ஆனா மறக்காமன்னும் போட்டிருக்கு. மறக்காம எப்படிம்மா மறக்கிறது?"

பொன்மலர் பதில் சொல்லுமுன் ஆண்டியப்பன் பாய்ந்து வந்தார். "காலி பண்றதா? யாராவது என் மீசை மேல கை வச்சீங்க, மேளத்தை நிறுத்திருவேன்!"

காலி செய்யவில்லை. தாலி கட்டியாயிற்று. பந்தி முடிந்தது. விசேஷம் முடிந்தால் அவரவர் பேனரை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போவது அந்த ஊர் வழக்கம். ஆண்டியப்பன் லோடு ஆட்டோவை வரவழைத்து, மூன்று பேரையும் மேலிருந்து கீழாக வரிசை மாறாமல் உள்ளே படுக்க வைத்தார்.

"சுருட்டிக்கிட்டா இடம் மிச்சமாகும்ல" என்றான் நயினார்.

"முகம் உள்பக்கமா வர்ற மாதிரி சுருட்டுங்க. அப்பதான் கீறல் விழாது" என்றார் கொம்பையா.

மூன்று பேரும் முழங்காலை முகத்தோடு சேர்த்துச் சுருண்டுகொண்டார்கள். ஆண்டியப்பன் தன் கையாலேயே கயிறு போட்டுக் கட்டினார். பிறகு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஹால் சுவத்துல மூணு ஆணி அடிச்சு வை. நல்ல உறுதியான ஆணியா பார்த்து அடி. மேல இருக்கிற ஆளு கொஞ்சம் கனம்."